வேர்வைக்கு நிற்கும் நிறம்

முதலில் அதை வெண்கட்டித் தூள் என்றுதான் நினைத்தேன். சுன்னாகம் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு ரியூட்டரியில் வருடக்கணக்காகக் கணிதம் படிப்பிக்கிறவனின் விரல் நுனி வெள்ளையாக இருந்தால் வேறென்னத்தை நினைப்பது? வகுப்பு முடிந்து குழாயடியில் கழுவினேன், போகவில்லை. வீட்டுக்கு வந்து சவர்க்காரம் போட்டேன், போகவில்லை. கடைசியில் கிணற்றடியில் குந்தியிருந்து தேங்காய்ப் பொச்சால் உரஞ்சிக்கொண்டிருந்ததை மனைவி கண்டுவிட்டாள்.

“இஞ்சேருங்கோ, கையைக் கழுவுறியளோ, சட்டி மினுக்கிறியளோ?”

கையை நீட்டிக் காட்டினேன். வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விரல் நுனிகளில் இருந்தது, மணிக்கட்டில் ஒரு பயறளவுக்கு இருந்தது. அவளுடைய முகம் மாறிப்போனது. “ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ” என்பதுதான் அவள் வாயில் வந்த முதல் சொல். எங்களுக்கு ஒரு மகள், அப்போது பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தாள். என் விரல் நுனியிலிருந்து மகளின் கல்யாணத்துக்கு மனைவி ஒரே எட்டில் போய்விட்டாள். வீட்டில் கணக்கு மாஸ்ரர் நான், ஆனால் அந்தக் கணக்கை அவள்தான் முதலில் செய்தாள்.

இந்தத் தோல் வருத்தத்துக்கு எங்களிடம் ஒரு பழைய பெயர் இருக்கிறது, வெண்குட்டம். குட்டத்துக்கும் இதற்கும் ஒரு சொந்தபந்தமும் கிடையாது. ஒட்டாது, நோகாது, ஆளைக் கொல்லாது. தோலுக்கு நிறம் போடுகிற வேலையை உடம்பு சில இடங்களில் நிறுத்திவிடுகிறது, அவ்வளவுதான். ஆனாலும் பெயர் வைத்தவன் வைத்துவிட்டுப் போய்விட்டான். அதை என் முகத்துக்கு நேரே சொல்லுகிற அளவுக்கு ஊரில் ஒருவரும் மரியாதை கெட்டவர்கள் இல்லை. அதனால் “உது” என்பார்கள். “மாஸ்ரர், உது இப்ப எப்பிடி?” “உது கூடீற்றுதோ?” உது என்றால் எது என்று கேட்க எனக்கு நாக்கு நுனிவரைக்கும் வரும். கேட்டதில்லை.

நாங்கள் மறைத்தோம். ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது? கொஞ்சக் காலத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, எல்லாரிடமும் மருந்தும் இருந்தது. மீனையும் தயிரையும் ஒரே நேரத்தில் சாப்பிட்டிருப்பேன் என்றார் ஒருவர். கத்தரிக்காய், கணவாய், நண்டு, இறால் எல்லாம் கிரந்தி, தோலுக்கு ஆகாது, விடுங்கோ என்றார் இன்னொருவர். நான் விட்டேன், புள்ளி விடவில்லை. நாட்டு வைத்தியம் செய்கிற பரியாரியார் ஓர் எண்ணெய் தந்து, பூசிக்கொண்டு வெயிலில் இருக்கச் சொன்னார். யாழ்ப்பாணத்து வெயிலில் இருந்தேன், கை கொப்பளித்தது. செல்வச்சந்நிதி முருகனுக்கு நேர்த்தி வைக்கச் சொன்னார்கள். கோயில் இருக்கிற தொண்டைமானாறு வரைக்கும் வெறுங்காலோடு நடந்தேன், காலும் கொப்பளித்தது. கனடாவில் இருக்கிற மருமகன், தங்கையின் மகன், ஒரு படம் அனுப்பினான். உடம்பெல்லாம் என்னைப்போலப் புள்ளியுள்ள ஒரு பெண் மேடையில் உடுப்புக் காட்டி நடக்கிறாள். “மாமா, இஞ்சை இது பாஷன்” என்று எழுதியிருந்தான். அவளுக்குக் கட்டிக்கொடுக்க மகள் இல்லையாக்கும் என்று பதில் போட்டேன்.

கடைசியில் பெரியாஸ்பத்திரியின் தோல் கிளினிக்குக்குப் போனேன். வரிசை வாசல் வரைக்கும் நின்றது. அந்த வாங்கில் இருந்தபோதுதான், அங்கே ஒருவரும் தனக்காக வருவதில்லை என்று கண்டுகொண்டேன். குருநகரிலிருந்து வந்த ஒருவருக்கு உப்புத் தண்ணீரிலும் வலைக்கயிற்றிலும் இரண்டு கையும் பாளம் பாளமாக வெடித்திருந்தன. “மனுசிக்கு மருந்தெடுக்க வந்தனான்” என்றார். வெங்காயத்துக்கு மருந்தடித்து முழங்கால் வரைக்கும் தோல் உரிந்திருந்த தோட்டக்காரர் ஒருவர், கண் கிளினிக் இதுதானோ என்று கேட்டார். இல்லை என்றதும் அங்கேயே இருந்துகொண்டார். வெள்ளையாக, சிவலையாக வேண்டும் என்று எதையோ பூசி, கன்னம் இரண்டும் வெந்துபோன ஒரு பிள்ளை, துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு தாயோடு வந்திருந்தாள். தாய்க்குத்தான் தோல் வருத்தமாம். நான் கை இரண்டையும் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு இவர்களையெல்லாம் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன்.

டொக்டர் நல்ல இளம் பிள்ளை. என் கையைத் தன் வெறுங்கையில் வாங்கிப் பார்த்தார்.

“உலகம் முழுக்க உப்பிடித்தான் ஐயா. ஆக்களை டொக்டரிட்டைக் கொண்டுவாற வருத்தங்களிலை தோல் வருத்தம் எந்த நாட்டிலையும் முன்னுக்குத்தான் நிக்கும். கோடிக்கணக்கான ஆக்களுக்கு இருக்குது. ஆனால் கனபேர் சாகிறதில்லை. சாகாத வருத்தத்துக்கு ஒருத்தரும் காசு ஒதுக்கமாட்டினம்.”

“அப்ப நாங்கள் சாகாததுதான் பிழையோ?” என்றேன்.

சிரித்தார். பூசக் களிம்பு எழுதினார். நிறம் திரும்பினாலும் திரும்பும், திரும்பாவிட்டாலும் பயமில்லை என்றார். பிறகு பேனையை வைத்துவிட்டு, “வெளியிலை ஆக்கள் எப்பிடி நடத்தினம்?” என்று கேட்டார்.

“நல்ல மரியாதை,” என்றேன்.

அது பொய்யில்லை. உது வந்த பிறகு ஊரில் எனக்கு மரியாதை கூடிப்போய்விட்டது. கோயில் அன்னதானத்தில் வருடா வருடம் பாயாச வாளி தூக்குகிறவன் நான். “மாஸ்ரர், நீங்கள் ஏன் கஷ்டப்படுறியள், பெடியள் பாப்பாங்கள்” என்று வாளியை வாங்கிவிட்டுக் கதிரை தந்தார்கள். கை கொடுத்துப் பழகிய ஆட்களெல்லாம் என்னைக் கண்டால் கும்பிடத் தொடங்கினார்கள். தேநீர்க் கடையில் எல்லாருக்கும் கண்ணாடிக் கிளாஸ், எனக்கு மட்டும் புதுக் கடதாசிக் கோப்பை. எங்களுடைய ஆட்கள் ஒருவனை விலத்தி வைப்பதென்றால் முதலில் அவனுக்குக் கதிரை கொடுப்பார்கள். சண்டைக்குக் கொழுவலாம் என்றால் எப்படிக் கொழுவுவது? மரியாதை தந்தவனைப் பிடித்து ஏன்ரா மரியாதை தந்தாய் என்று கேட்க முடியுமா? எனக்கு வருகிற கோபத்துக்கு அந்தக் கோப்பையைக் கசக்கி எறியத்தான் முடிந்தது, அதுவும் தேநீரைக் குடித்த பிறகு.

இப்படி இருக்கையில் மகளுக்கு லண்டனிலிருந்து ஒரு சம்பந்தம் பேசிவந்தது. பிள்ளைகள் இரண்டும் போனில் கதைத்து ஒருவருக்கொருவர் பிடித்துக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் தாய் இங்கேதான், தென்மராட்சியில் இருந்தார். அவர் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று மனைவி எனக்கு முழுக்கைச் சட்டை போட்டு, மேலே அகலமான சால்வை ஒன்றையும் போட்டு, கையை வெளியே எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். அப்படியே இருந்தேன். தேநீர் வந்தது, எடுக்கவில்லை. பலகாரத் தட்டு வந்தது, தலையை ஆட்டினேன். அந்த அம்மா சால்வைப் பக்கம் ஒருதரம் பார்த்தார், பிறகு அந்தப் பக்கமே பார்க்கவில்லை. அவர் போனதும் மனைவி பெருமூச்சு விட்டாள்.

“ஆயிரம் பொய் சொல்லியும் ஒரு கலியாணத்தைச் செய்யலாமாம்.”

“நான் ஒரு பொய்யும் சொல்லேல்லை. வாயே திறக்கேல்லை,” என்றேன்.

சம்பந்தம் சரிவந்தது. மண்டபம் எடுத்து, ஐயருக்குச் சொல்லி, தாலிக்குப் பொன்னுருக்க நாளும் வைத்த பிறகு என் அண்ணை எங்கள் வீட்டுக்கு வந்தார். அண்ணை கச்சேரியில் அரசாங்க உத்தியோகம் பார்த்து இளைப்பாறியவர். பேனையைத் தவிர வேறொன்றும் தூக்கிப் பழகாத வடிவான கைகள் அவருக்கு.

“நீ ஓடியாடிக் களைச்சுப்போனாய் தம்பி. தாரைவார்ப்பை நானும் அண்ணியும் செய்யிறம். நீ முன்னுக்குக் கதிரையிலை இருந்து வடிவாப் பார்.”

கதிரை என்றதும் எனக்கு விளங்கிவிட்டது. கன்னிகாதானத்தில் பெண்ணின் கையைத் தகப்பன் தன் கையில் ஏந்தி மாப்பிள்ளையின் கையில் வைப்பான், தாய் செம்பிலிருந்து அந்தக் கைகளின் மேல் தண்ணீர் வார்ப்பாள். மற்றதையெல்லாம் தூரத்தில் நின்று எடுக்கிற வீடியோக்காரர் இதை மட்டும் கைக்குக் கிட்ட வந்து எடுப்பார். இப்போது மண்டபங்களில் பெரிய திரையும் வைக்கிறார்கள், கடைசி வரிசையில் இருக்கிறவருக்கும் நகக்கண் தெரியும்.

“என்ரை பிள்ளையின்ரை கையை நான்தான் குடுப்பன்,” என்றேன்.

“நான் என்ன பிறத்தியே? ஊர்ச்சனம் என்ன கதைக்கும் எண்டும் பாக்கோணுமெல்லோ.”

“ஊர்ச்சனத்தின்ரை பிள்ளையை நான் குடுக்கேல்லை அண்ணை.”

அண்ணையோடு அப்படி நான் கதைத்ததே இல்லை. அவர் எழும்பிப் போய்விட்டார். மனைவி குசினிக்குள் நின்று அழுதாள். மகள் பிறந்த அன்று துணியில் சுற்றி இந்தக் கையில்தான் தந்தார்கள். காய்ச்சலில் கிடந்தபோது நெற்றியில் இருந்தது இந்தக் கை, சைக்கிள் பழகியபோது சீற்றைப் பிடித்துக்கொண்டு ஓடியது இந்தக் கை. அவளைக் கொடுக்கிற அன்றைக்கு மட்டும் இந்தக் கை கூடாதாம். பாயாச வாளி போனது போகட்டும், கல்யாணத்தில் தகப்பனுக்கென்று இருக்கிற இந்த ஒரு வேலையை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. சாப்பிடவும் மாட்டேன், கதைக்கவும் மாட்டேன் என்று சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்தேன்.

மனைவி பயந்துபோய் ஒரு வழி கண்டுபிடித்தாள். “மகளுக்கு மேக்கப் போட வாற பிள்ளையைக் கேப்பம். கைக்கும் ஏதேனும் பூசிவிடுவாள்.” கொடுக்கப்போவது நான்தான் என்றால் எதையும் பூசட்டும் என்று எழும்பிச் சாப்பிட்டேன்.

கல்யாண நாள் காலையில் அந்தப் பிள்ளை என் கையைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தாள்.

“மாஸ்ரர், குறை நினைக்கப்படாது. என்னட்டை வாற எல்லாரும் சிவலையாக்கு எண்டுதான் வாறவை. ஆளைக் கறுப்பாக்கிற சாமான் என்னட்டை இல்லை.”

பெட்டியைத் திறந்து காட்டினாள். வெள்ளையில் தொடங்கி இன்னும் வெள்ளைக்குப் போகிற டப்பாக்கள். கடைசியில் புருவத்துக்குத் தீட்டுகிற பிறவுண் நிற மையையும், மூக்கைக் கூராகக் காட்டப் பூசுகிற எதையோவும் ஒன்றாகக் குழைத்து, என் கையில் மிச்சமிருக்கிற நிறத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தாள்.

பக்கத்துக் கதிரையில் மகள் இருந்தாள். சம்பந்தம் பேசியபோது அவளைக் கறுப்புமில்லாத வெள்ளையுமில்லாத பொது நிறம் என்று சொல்லியிருந்தோம். அந்தப் பொது நிறத்தை இன்னொரு பிள்ளை வெள்ளையாக்கிக்கொண்டிருந்தாள். ஒரே அறையில் மகளை வெள்ளையாக்குகிறார்கள், தகப்பனைக் கறுப்பாக்குகிறார்கள். ஊரெல்லாம் எந்த நிறத்துக்குத் தவம் கிடக்கிறதோ அது எனக்குச் சும்மா வந்தது, அதை மறைக்க ஒரு பிள்ளை வியர்த்து விறுவிறுத்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா, உங்களுக்கு இது தேவையே?” என்று மகள் கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

“அம்மாவைக் கேள்.”

மனைவிக்கு அதைக் கேட்க நேரமில்லை. “வேர்வைக்கு நிக்குமோ பிள்ளை?”

“ஓம் அன்ரி. வேர்வைக்கும் நிக்கும், ஓமப் புகைக்கும் நிக்கும், லைட் சூட்டுக்கும் நிக்கும்.”

மண்டப வாசலில் நான் நின்றபோது பலர் என் கையைக் கண்டார்கள். கண்டவர்கள் கும்பிடவில்லை, கை கொடுத்தார்கள். “மாஸ்ரருக்குச் சுகமாகீற்றுது போலை” என்று ஒருவர் என் காதுபடவே சொன்னார். தேநீர்க் கடைக்காரர்கூட வந்து இறுக்கிப் பிடித்துக் குலுக்கினார். பூச்சு அதற்கும் நின்றது.

மேடையில் ஐயர் இரண்டு பக்கத்துப் பரம்பரையையும் சொல்லி முடித்தார். மகளின் கையை என் கையில் ஏந்தினேன். அதை மாப்பிள்ளையின் கைக்கு மேலே பிடித்து, என் கையை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன். வெற்றிலை, பாக்கு, பழம், நாணயம் எல்லாம் வைத்தாகிவிட்டது. கமெரா கிட்ட வந்தது, திரையில் கைகள் சுவரளவுக்கு வந்தன. பார்க்க எனக்கே நல்லாயிருந்தது.

“அம்மா, இப்ப தண்ணியை விடுங்கோ,” என்றார் ஐயர்.

மனைவி செம்பைத் தூக்கினாள். தூக்கியவள் அப்படியே நின்றாள். அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். இந்தச் சடங்கில் தண்ணீர் ஊற்றுவார்கள் என்பது எங்களுக்குத் தெரியாதா? நாங்களும் இப்படித்தானே கல்யாணம் கட்டினோம். ஊற்றப்போகிறவளே அவள்தான். வேர்வையை யோசித்தோம், புகையை யோசித்தோம், அந்தச் செம்பு மட்டும் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. இதில் நான் கணக்கு மாஸ்ரராம்.

அவள் துளித் துளியாக விட்டாள்.

“உதென்னம்மா, தண்ணிப் பஞ்சமே? தாரையா விடுங்கோ,” என்றார் ஐயர்.

விட்டாள். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பிறவுண் கரைந்து வந்தது. மகளின் விரல்களுக்குள்ளால் இறங்கி, மாப்பிள்ளையின் உள்ளங்கையில் தேங்கி, அங்கிருந்து தாம்பாளத்தில் வழிந்தது. மழைக்குத் தோட்டத்து வாய்க்காலில் வருகிற செம்மண் தண்ணீர் மாதிரி இருந்தது. அதற்குள்ளிருந்து என் விரல்கள் ஒவ்வொன்றாக வெள்ளையாக வெளியே வந்தன, திரையில் ஒவ்வொன்றும் ஆளுயரத்துக்கு. மண்டபத்தில் கதைத்துக்கொண்டிருந்தவர்கள் கதையை நிறுத்தினார்கள். தவில்காரர் மட்டும் ஒன்றும் அறியாமல் அடித்துக்கொண்டிருந்தார்.

அண்ணை பாய்ந்து வந்து தன் சால்வையை என் கையின் மேல் போட்டார். மகள் தன் மற்றக் கையால் அதை எடுத்து அவரிடமே திருப்பி நீட்டினாள்.

“விடுங்கோ பெரியப்பா. அப்பா என்னைத் தந்துகொண்டிருக்கிறார்.”

சத்தமாகச் சொல்லவில்லை. நிமிர்ந்தும் பார்க்கவில்லை. எனக்குக் கண் நிரம்பி ஒன்றும் தெரியாமல் போய்விட்டது. ஐயர் மந்திரத்தை விடவில்லை, மனைவி செம்பு முடியுமட்டும் ஊற்றினாள், நான் என் பிள்ளையின் கையைக் கொடுத்தேன். மாப்பிள்ளை ஒரு பதற்றமும் இல்லாமல் வாங்கிக்கொண்டார். போனில் கதைக்கத் தொடங்கிய புதிதிலேயே மகள் அவருக்குச் சொல்லிவிட்டாளாம். அதை எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

சாப்பாட்டு நேரம் மாப்பிள்ளையின் தாய் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். என்ன வரப்போகிறதோ என்று எழும்பி நின்றேன்.

“உதுக்கே மாஸ்ரர் அண்டைக்குக் கையைச் சால்வைக்குள்ளை ஒளிச்சு வச்சிருந்தனீங்கள்?”

“ஓம்.”

“நாங்கள் சண்டைக் காலத்துச் செல்லடியிலை விரல் போயிட்டுதாக்கும் எண்டெல்லோ நினைச்சம். கேட்டால் உங்களுக்கு மனம் நோகும், ஒருத்தரும் வாய் திறக்கப்படாது எண்டு எங்கடை ஆக்களுக்குச் சொல்லி வச்சனான்.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, பற்றிக்கொண்டும் வந்தது. விரல் இல்லாவிட்டால் பரவாயில்லை, அதற்கு ஊரில் மரியாதை இருக்கிறது. எல்லா விரலும் இருந்து நிறம் மாறினால்தான் சால்வை தேவை. அந்த அம்மா கெட்டவர் இல்லை. பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, “பேரப்பிள்ளையளுக்கு வருமோ?” என்று கேட்டார்.

“வந்தாலும் வரும், வராமலும் விடும். வந்தால் ஆள் சாகாது எண்டு டொக்டர் சொன்னவ.”

அந்த அம்மா என் இலைக்குப் பாயாசம் வரவில்லை என்று பார்த்து, வாளி தூக்கிய பெடியனைக் கூப்பிட்டார்.

மகள் லண்டனுக்குப் போன பிறகு அல்பம் வந்தது. கன்னிகாதானப் படத்தைப் பெரிதாக ஒரு முழுப் பக்கத்துக்குப் போட்டிருந்தார்கள். அதில் தண்ணீர் தெளிந்த கிணற்றுத் தண்ணீர். கைகள் எல்லாம் ஒரே நிறம், நல்ல சிவலை, ஒரு புள்ளி கிடையாது. மனைவி ஸ்ரூடியோவுக்குப் போன் எடுத்து, கையைக் கொஞ்சம் பாருங்கோ தம்பி என்று சொல்லியிருக்கிறாள். “உது எல்லாருக்கும் செய்யிறதுதான் அன்ரி” என்று சொன்னார்களாம். அண்ணை வந்து கண்ணாடி போட்டுப் பார்த்தார்.

“நல்ல வடிவா வந்திருக்கு,” என்றார். வராமல் என்ன செய்யும்? அது அச்சாக அவருடைய கை மாதிரித்தான் இருந்தது.

மனைவி அதைச் சட்டம் போட்டு விறாந்தையில் கொழுவினாள். இத்தனை காலமும் முகம் சுளிக்காமல் என் கைக்கு எண்ணெய் பூசிவிட்டவளும் அவள்தான், அவளுடைய பயத்தோடு நான் எப்படிச் சண்டை பிடிப்பது? வாசலால் வருகிற எல்லாரும் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் என்னைக் கும்பிடுகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் வீடியோவில் வருவாள். ஒரு ஞாயிறு அவளுக்குப் பின்னால் சுவரில் ஏதோ படம் தெரிந்தது. போனைக் கிட்டக் கொண்டுபோகச் சொன்னேன். மேடைக்குக் கீழே நின்று யாரோ தங்கள் போனில் சரிவாக எடுத்த படம். தாயின் கையில் செம்பு சரிந்திருக்கிறது. கலங்கிய தண்ணீர் மகளுடைய விரல்களுக்குள்ளால் வழிகிறது. மேலே என் கை, பாதி பிறவுண், பாதி வெள்ளை.

“உதென்ன பிள்ளை, உந்தப் படத்தைக் கொழுவி வச்சிருக்கிறாய்? அல்பத்திலை நல்லது இருக்கெல்லோ?”

“அதையும் பாத்தனான் அப்பா,” என்றாள். “அதிலை என்னைத் தந்தது ஆர் எண்டு தெரியேல்லை.”